தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய், லுட்சேர்ன் தெருவோரம்

சுவிட்சர்லாந்தில் வாழும் நம்மவர் பலரின் வீடுகளில், தவக்காலத்துக்கு முன் நடக்கும் ஃபாஸ்நாக்ட் என்னும் முகமூடித் திருவிழா என்றாலே குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் நாள்கள் என்ற எண்ணம்தான் இன்னும் இருக்கிறது. அந்த வாரம் நகரப் பக்கம் போகாதீர்கள் என்று பிள்ளைகளைத் தடுத்து வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். நள்ளிரவுக்குப் பிறகு மதுக்கடை வாசல்களில் தள்ளாடி நிற்பவர்களைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் கொண்டாட்டத்தின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை மாலையில், பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு லுட்சேர்ன் நகரின் தெருவோரத்தில் நின்று பார்த்தால், அந்த எண்ணத்தோடு வீடு திரும்ப முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

செவ்வாய்க்கு மறுநாளான விபூதிப் புதனன்று, கிறிஸ்தவர்களின் விரத காலமான தவக்காலம் தொடங்குகிறது. இடையில் வரும் ஞாயிறுகளை விட்டு எண்ணினால் ஈஸ்டர் வரை 40 நாள்கள். ஈஸ்டர் முழுநிலவை வைத்துக் கணக்கிடப்படுவதால் இந்தச் செவ்வாயும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும்: 2024 இல் பெப்ரவரி 13, 2025 இல் மார்ச் 4, 2026 இல் பெப்ரவரி 17. லுட்சேர்னில் அதற்கு முந்தைய வியாழன் அதிகாலை 5 மணிக்கே பெரும் வெடிச்சத்தத்துடன் எல்லாம் தொடங்கிவிடும். நகரத்தின் பழைய கைவினைச் சங்கங்களுள் ஒன்றான சாஃப்ரான் சங்கத்தின் ஃபிரிட்ஷி என்னும் விழா நாயகர், அன்று ஏரி வழியாகப் படகில் வந்து இறங்குவார். அவர் தனியாக வருவதில்லை. மனைவி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண், கோமாளி என்று ஒரு குடும்பமே முகமூடியணிந்து உடன் வரும். இந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் நிற்பதே ஒரு குடும்பம்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

செவ்வாய் மாலை நடப்பது மொன்ஸ்டர்கோர்சோ என்னும் பெரும் ஊர்வலம். அது குக்கன்மூசிக் எனப்படும் முகமூடி இசைக்குழுக்களுக்கே உரியது. ட்ரம்பெட், ட்ரொம்போன், உடலைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் விரிக்கும் சூசபோன், இவற்றின் பின்னால் வரிசை வரிசையாக முரசுகள். எல்லோருக்கும் தெரிந்த பாடல்களைத்தான் வாசிப்பார்கள். ஆனால் சுருதியை வேண்டுமென்றே சற்றுப் பிசகவிட்டு, தாளத்தை மட்டும் இம்மியும் தவறாமல் பிடித்துக்கொண்டு வருவார்கள். முரசொலி முதலில் காதில் விழுவதில்லை, நெஞ்சுக்குள்தான் இடிக்கிறது. அதனால் சிறு பிள்ளைகள் தடித்த காதுக்காப்புகளை மாட்டிக்கொண்டு பெற்றோரின் தோள்மீது உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மகனுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். மகள் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் குழு எங்களைக் கடந்து போகும்போது இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

ஊர்வலம் இடையில் தடைப்பட்டு நின்றபோது ஒரு முரசுக்காரர் எங்களுக்கு எதிரிலேயே நின்றார். அவருடைய முகமூடியை அவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைத்தது எங்கள் நல்லூழ். தலை முழுவதையும் மூடும் அந்தப் பெரிய முகமூடியை லுட்சேர்ன் மக்கள் கிரெண்ட் என்பார்கள். களிமண்ணில் முகத்தைச் செதுக்கி, அதன்மேல் பசையில் தோய்த்த காகிதத்தைப் படலம் படலமாக ஒட்டி, காய்ந்தபின் கழற்றி வண்ணம் பூசிச் செய்வார்கள். எதிரில் நின்ற முகம் ஒரு கிழவியுடையது. கன்னத்துச் சுருக்கங்களுக்குள் கரும்பச்சை நிறம் இறங்கியிருந்தது; மூக்கு நுனியில் ஒரு மரு; அந்த மருவிலிருந்து இரண்டு நிஜ முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. காதோரம் வண்ணம் சற்றுப் பெயர்ந்த இடத்தில் செய்தித்தாளின் எழுத்துகள் தெரிந்தன. அந்தக் கிழவி குனிந்து மகளின் கண்ணுக்கு நேராகத் தலையை ஆட்டியபோது, உள்ளேயிருந்து வந்தது ஓர் இளைஞனின் சிரிப்பு.

இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பகலில் அலுவலகத்திலும் பட்டறையிலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கருப்பொருளைத் தேர்ந்தெடுத்து, இலையுதிர்காலம் முதல் வார இறுதிகளில் கூடிப் பயிற்சி செய்து, உடைகளைத் தைத்து, முகமூடிகளைச் செய்து முடிக்கிறது. சில நாள்களில் எல்லாம் தீர்ந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு வேறு கருப்பொருள், வேறு முகம். நான் இந்த விழாவை மதிப்பதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் இந்த உழைப்புத்தான். குடிகாரர்களின் விழா என்று ஒதுக்குபவர்கள் அந்தக் கிழவியின் மருவில் நட்டிருந்த இரண்டு முடிகளை ஒரு முறை பார்க்க வேண்டும்.

அம்மம்மாவுக்கு, அதாவது என் மாமிக்கு, இரைச்சலைவிடச் சாப்பாட்டில்தான் கவனம் போயிற்று. தவக்காலத்தில் இறைச்சியோடு கொழுப்பும் வெண்ணெயும் முட்டையும் ஒரு காலத்தில் விலக்கப்பட்டிருந்தன. வீட்டில் இருப்பதை அதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் எண்ணெயில் பொரித்த பண்டங்கள் இந்நாள்களுக்கு உரியவை ஆயின. அவற்றுள் ஃபாஸ்நாக்ட்ஸ்குயெக்லி என்பது மாவைக் கண்ணாடிபோல் மெலிதாக இழுத்துப் பொரித்து, மேலே தூள் சர்க்கரை தூவியது. மிக்ரோஸ், கோப் கடைகளில் ஜனவரியிலேயே வந்துவிடும். கைப்பையில் கொண்டுபோயிருந்த பொதியைப் பிரித்து மகள் இந்தக் கதையைச் சொல்ல, அம்மம்மா கேட்டார்: "அப்ப விரதத்துக்கு முதல் நாள் இருக்கிற எல்லாத்தையும் தின்று முடிக்கினமோ? நாங்கள் முதல் நாளே சமையலறையைக் கழுவிச் சுத்தமாக்கிப்போட்டு எல்லோ இருப்பம்!" ஆனால் இரண்டாவது துண்டையும் கையில் எடுத்துக்கொண்டார், கறுத்த குளிரங்கி முழுவதும் வெண்சர்க்கரையாயிற்று. விரதத்தின் அருமை தெரிந்தவர் என்பதால், நாளை முதல் இவர்களுள் எத்தனை பேர் உண்மையாகவே விரதம் இருப்பார்கள் என்றும் அக்கறையோடு கேட்டார். இன்று அதைக் கடைப்பிடிப்பவர்கள் முன்புபோல் இல்லை என்றே சொன்னேன்.

ஊர்வலம் முடிந்ததும் குழுக்கள் கலைந்துவிடுவதில்லை. பழைய நகரத்துக்குள் பிரிந்து சென்று, ஒவ்வொரு சதுக்கத்திலும் படிக்கட்டிலும் நின்று வாசிக்கின்றன. உண்மையில் நெருக்கமாகக் கேட்க ஏற்ற நேரம் அதுதான். நகர மண்டபத்தின் படிகளில் ஒரு குழு ஏறி நின்று வாசித்தபோது, ஒலி ரொய்ஸ் ஆற்றின் அக்கரைக்குப் போய் மோதித் திரும்பி வந்தது. சற்றுத் தள்ளி, 14 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு 1993 ஆகஸ்டில் தீக்கிரையாகி, அடுத்த ஆண்டே மீண்டும் திறக்கப்பட்ட காபெல் மரப்பாலம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான சுவிஸ் அம்மையார், தாம் ஒரு காலத்தில் எந்தக் குழுவில் முரசடித்தார் என்பதை அம்மம்மாவிடம் வட்டார ஜெர்மனில் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. தலையை ஆட்டி, அவருக்கும் ஒரு துண்டு நீட்டினார்.

மகன் தூங்கிவிட்டதால் நள்ளிரவுக்கு வெகு முன்னரே தொடருந்து ஏறினோம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான்: ஊர்வலத்தையும் சதுக்கத்தில் ஓரிரு குழுக்களையும் பார்த்துவிட்டு, கூட்டம் வேறு விதமாக மாறுமுன் கிளம்பிவிடுங்கள்.

மகள் இப்போது சிறுவர்களுக்கான குக்கன்மூசிக் குழுவில் சேர வேண்டும் என்கிறாள், அதுவும் முரசுதான் வேண்டுமாம். மனைவிக்கும் சம்மதம். மதிய ஓய்வு நேரத்திலும் இரவிலும் சத்தம் போடக்கூடாது என்பது எங்கள் அடுக்குமாடியின் வீட்டு விதி. ஆகவே வீட்டில் அடித்துப் பழகுவதற்குச் சத்தமெழுப்பாத ரப்பர் பலகை ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மற்றதை இலையுதிர்காலத்தில் பயிற்சி தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.