தொண்ணூறுக்குள்ளே நூறு

மகளுக்குப் பிளஸ் ஒன் அட்மிஷன். விண்ணப்பத்தில் 'மொழிப்பாடம்' என்ற ஒரே ஒரு கட்டம் எங்கள் வீட்டில் நான்கு நாள் ஓடியது.

"தமிழ்ல 95 தாண்டறது கஷ்டம் சார். பிரெஞ்சுன்னா அரிச்சுவடியிலேர்ந்துதான் ஆரம்பம், 98 நிச்சயம்" என்றார்கள் பள்ளியில். சரி, 98 வாங்கி என்ன செய்ய? இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200 என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப்பாட மதிப்பெண் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. 600-க்கு எத்தனை என்று பேனரில் போடத்தான் உதவும். நாளைக்கே டி.என்.பி.எஸ்.சி. எழுத உட்கார்ந்தால் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது அவள் பக்கத்து வீட்டு அக்காவின் பிரெஞ்சுப் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள்.

"அப்பா, இவங்களுக்கு 90-ன்னா நாலு இருபது, ஒரு பத்தாம்!" ஒரே சிரிப்பு. அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள். "நம்ம தொண்ணூறுல மட்டும் எதுக்கு நூறு ஒளிஞ்சிருக்கு? எண்பது மாதிரி இதுவும் 'பது'ன்னுதானே முடிஞ்சிருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. (உங்களில் தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் காப்பாற்றவும்.)

பத்தாம் வகுப்பில் ஒற்று விட்டே மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவள் இவள். பேனாவை வாங்கி 'தமிழ்' என்று எழுதிவிட்டு, "அந்தப் புத்தகம் ஒரு வாரம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.