தண்ணீர் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்குக் கடலூர் உப்பனாற்று முகத்துவாரத்தில் தாவர மிதவை உயிரிகளை (தண்ணீரில் மிதந்து ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரிகளை) பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்ட முதல் கேள்விதான் மேலே இருப்பது. நோட்டில் தேதி, உப்புத்தன்மை, வெப்பநிலை எல்லாம் இருந்தன. நேரம் பாதி நாட்களுக்கு இல்லை.

பஸ் கிடைத்த நேரத்தில் போவேன். ஒளி புகும் பாட்டிலிலும் புகாத இருள் பாட்டிலிலும் தண்ணீரை வைத்து, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையில் பார்த்து, ஒரு மணி நேரக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கி ஒரு நாள் ஒளிச்சேர்க்கை உற்பத்தி என்று எழுதிவிட்டேன். அது தவறு. வெயில் ஏறி இறங்குவது மட்டும் காரணமில்லை. ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தாலும் காலையில் எடுத்த செல்லும் மாலையில் எடுத்த செல்லும் ஒரே வேகத்தில் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. பெரும்பாலும் முற்பகலிலிருந்து நண்பகலுக்குள் உச்சம், பிற்பகலில் சரிவு. டோட்டி, ஓகுரி என்ற ஆய்வாளர்கள் 1957இலேயே இந்தத் தினசரித் தாளத்தை எழுதியிருக்கிறார்கள். 1961இல் ஹேஸ்டிங்ஸ், ஆஸ்ட்ராக்கன், ஸ்வீனி மூவரும் கோனியாலாக்ஸ் என்ற ஒரு செல் கடல் உயிரியைத் தொடர்ந்த மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரவு பகலே இல்லாதபோதும் ஏறக்குறைய 24 மணி நேரத் தாளம் நிற்கவில்லை. ஒற்றைச் செல்லுக்குள் ஒரு கடிகாரம்! இன்றும் எனக்கு அது வியப்புத்தான். தேர்வில் 'ஒளி மாறுவதால்' என்று எழுதி நிறுத்தினால் பாதி விடைதான்.

அப்புறம், முகத்துவாரத்தில் ஓதம், அதாவது கடலின் ஏற்றமும் வற்றமும், உண்டு. ஏற்றத்தில் வருவது கடல் தண்ணீர், வற்றத்தில் ஆற்றுத் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் பாட்டிலுக்குள் இருக்கும் உயிரிகளே வேறு. தாளம் என்று நாம் நினைப்பது வெறும் ஓதமாகவும் இருக்கலாம். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் அமாவாசையன்று ஒரு முறை, அஷ்டமியன்று ஒரு முறை, அதே மணிகளில் எடுங்கள். அமாவாசையில் ஏற்றம் இருந்த மணிக்கு அஷ்டமியில் வற்றம் இருக்கும். உச்சம் அதே மணியில் நின்றால் செல்லின் வேலை, தண்ணீரோடு நகர்ந்தால் ஓதத்தின் வேலை.

திருத்தித் தர ஒரு மாதம் கிடைத்தது. ஓதம் குறுக்கிடாதபடி, விடியலில் ஒரு பெரிய வாளி நிறைய எடுத்து, ஈரச் சாக்கு சுற்றி மொட்டை மாடியில் வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து எடுத்து ஒரே விளக்கின் கீழ் வைத்து, வந்த ஆக்சிஜனைப் பச்சையத்தின் அளவால் வகுத்தேன். பச்சையத்தை 90 சதவீத அசிட்டோனில் இருட்டில் ஊறவையுங்கள், வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். வாளித் தண்ணீரில் அமாவாசை, அஷ்டமி இரண்டு முறையும் உச்சம் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நின்றது. ஆற்றில் நேரடியாக எடுத்ததில் அது ஏற்றத்தின் பின்னாலேயே போனது.