நூறு ரூபாய் போர்டும் இரண்டு மீட்டர் கம்பியும்

கோவையில் சின்னப் பட்டறைகளுக்கு அளவெடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு இடத்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் தூண் லோடில் எவ்வளவு நீள்கிறது என்று கேட்பார்கள். இன்னொரு இடத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குள் நடுவுக்கும் ஓரத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிய வேண்டும். அளவுகளைத் தானாகப் பதிவு செய்யும் லட்ச ரூபாய் டேட்டா லாகர் வாங்கும் வசதி அவர்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நீட்சியை அளக்க நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஹெச்எக்ஸ்711 போர்டு, சூட்டை அளக்க சில நூறு ரூபாயில் மேக்ஸ்31855 போர்டு, இவை தரும் எண்ணை வாங்கி லேப்டாப்புக்கு அனுப்ப ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, பழைய லேப்டாப். இவ்வளவுதான் என் பெட்டி.

"ஏனுங்க, இது சொல்றத நம்பலாமுங்களா?" என்று போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். நம்பலாம். ஆனால் சந்தேகப்படுவதாக இருந்தால் போர்டுக்கு முன்னால் இருப்பதை எல்லாம் சந்தேகப்பட வேண்டும்: கம்பி, ஒட்டு, ஜாயின்ட்.

முதலில் ஸ்ட்ரெயின் கேஜ். உலோகத்தின் மேல் ஒட்டும் மெல்லிய பட்டை இது, உலோகம் நீண்டால் இதன் மின்தடை மாறும். 350 ஓம் கேஜ், கேஜ் ஃபாக்டர் 2 (நீட்சி விகிதத்தைப் போல இரண்டு மடங்கு விகிதத்தில் மின்தடை மாறும்) என்று வைத்துக்கொள்வோம். இரும்பு 1000 மைக்ரோஸ்ட்ரெயின் நீண்டால், அதாவது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், கேஜின் மின்தடை 0.7 ஓம் மாறும். கேஜையும் மூன்று ரெசிஸ்டர்களையும் நான்கு கைகளாகக் கட்டிய சுற்றுதான் பிரிட்ஜ், அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் வெளியே வருவது 2.5 மில்லிவோல்ட். ஆர்டுயினோ ஊனோவில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் ஏடிசியில் ஒரு படியே கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். நேராகக் கொடுத்தால் அதன் கண்ணுக்கே தெரியாது.

ஹெச்எக்ஸ்711 எடைத் தராசுக்காகவே செய்த சிப். சிக்னலை 128 மடங்கு பெருக்கி 24 பிட்டில் எண்ணாக்கும். கடையில் கிடைக்கும் பச்சை போர்டில் ஈ பிளஸ், ஈ மைனஸ் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் காட்டாது, 4.3 வோல்ட் பக்கம்தான் காட்டும். போர்டில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் அப்படித்தான் நிர்ணயிக்கின்றன. அந்த மின்னழுத்தத்தில், ஒரு கேஜ் மட்டும் உள்ள பிரிட்ஜில், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு சுமார் 2.15 மைக்ரோவோல்ட் வரும். விநாடிக்கு 10 ரீடிங் வேகத்தில் சிப்பின் சொந்த இரைச்சல் 50 நானோவோல்ட் என்கிறது டேட்டாஷீட். கணக்குப் போட்டால் 0.02 மைக்ரோஸ்ட்ரெயின் சொச்சம். எந்தப் பட்டறைக்கும் இது தாராளம்.

இப்போது கம்பியைப் பாருங்கள். கேஜிலிருந்து போர்டு வரை மெல்லிய கம்பி, போய்வர மொத்தம் 2 ஓம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். காலையில் ஆரம்பித்த வேலை மதியம் வரை நீண்டு, தகரக் கூரைக்குக் கீழே 10 டிகிரி சூடு கூடினால் கம்பி மட்டும் 0.078 ஓம் மாறும். அது 110 மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சமம். சிப்பின் இரைச்சலைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு! தூண் அசையவே இல்லை, கிராஃப் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து மூன்று கம்பி இணைப்பு. கேஜின் ஒரு காலில் ஒரு கம்பி, இன்னொரு காலில் இரண்டு. இப்படிக் கட்டினால் பிரிட்ஜின் பக்கத்துப் பக்கத்துக் கைகளில் ஆளுக்கொரு கம்பி வந்துவிடும், இரண்டும் ஒன்றாகச் சூடாகி ஒன்றையொன்று அடித்துவிடும். பிரிட்ஜை நிறைவு செய்யும் மூன்று ரெசிஸ்டர்களிலும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண கார்பன் ரெசிஸ்டர் ஒரு டிகிரிக்கு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) மாறினாலே 150 மைக்ரோஸ்ட்ரெயின் போய்விடும். மெட்டல் ஃபிலிம், ஒரே பேட்ச், மூன்றையும் நெருக்கமாக வைத்து ஒரே டப்பாவுக்குள் மூடிவிடுவேன்.

அப்புறம் ஒட்டு. கேஜ் ஒட்டுவதை நான் யாரிடமும் விடுவதில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, 320 உப்புத்தாளால் ஒரு திசையில், பிறகு 400ஆல் அதற்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே பக்கமாகத் துடைப்பேன். முன்னும் பின்னும் துடைத்தால் எடுத்த அழுக்கே திரும்ப ஒட்டும். துணியில் கறுப்பு வராத வரை இது தொடரும். கேஜை செலோடேப்பில் எடுத்து, கோட்டுக்கு நேராக வைத்து, டேப்பைப் பாதி தூக்கி, சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு. உடனே கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தம். விரலின் சூடும் பசை இறுக உதவும். டேப்பை உரிக்கும்போது மேலே தூக்காமல், மடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மல்டிமீட்டரில் கேஜ் 350 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், கேஜுக்கும் இரும்புக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. இந்தப் பசை ஈரத்தில் நாளாக ஆகத் தளரும். அதனால் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய வேலைக்கு எபாக்சிதான்.

ஒட்டியது சரியா என்று உலோகத்தையே கேட்கலாம். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்டீல் பட்டையை ஒரு முனையில் வைஸில் இறுக்கி, கேஜிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கிலோ தொங்கவிட்டால் சூத்திரப்படி 262 மைக்ரோஸ்ட்ரெயின் வர வேண்டும். பட்டறையில் பட்டை வைத்துப் பார்க்க முடியாதபோது கேஜுக்கு இணையாக 100 கிலோஓம், 75 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகச் சேர்த்து வைப்பேன். 998 மைக்ரோஸ்ட்ரெயின் அமுக்கியதுபோல எண் இறங்கினால் வயரிங், பெருக்கம், கோட் எல்லாம் ஒரே அடியில் சரிபார்த்தாகிவிட்டது.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளில், அதாவது முனையில் இணைத்த இரண்டு வேறு உலோகக் கம்பிகளில், தொல்லை வேறு மாதிரி. கே டைப் என்ற வகைக் கம்பி டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும், ஆனால் அது சொல்வது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். போர்டு தன் சொந்தச் சூட்டை அளந்து அதைக் கூட்டிக்கொள்கிறது. உலைத் தலையிலிருந்து (உலைக்கு வெளியே தெர்மோகப்பிள் முடியும் இணைப்பு) போர்டு வரை, தெர்மோகப்பிளுக்கு ஏற்ற உலோகத்தில் செய்த எக்ஸ்டென்ஷன் கேபிளுக்குப் பதிலாகச் சாதாரண செம்புக் கம்பி இழுத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். தலை 60 டிகிரி, போர்டு 32 டிகிரி என்றால் ரீடிங் 28 டிகிரி குறையும். ஆபரேட்டர் செட்டிங்கை ஏற்றுவார், உள்ளே இருக்கும் ஜாப்தான் பலியாகும். சரியான கேபிளையே இரண்டு முனையிலும் திருப்பிப் போட்டால் பிழை இரட்டிப்பாகி 56 டிகிரி. நிறத்தை நம்ப முடியாது, அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ். நான் சட்டைப்பையில் சின்ன காந்தம் வைத்திருக்கிறேன். கே டைப்பில் காந்தத்தில் ஒட்டும் கம்பி அலுமெல், அதுதான் மைனஸ்.

சிப்பிலும் ஒரு விஷயம் உண்டு. மேக்ஸ்31855 எல்லா வெப்பநிலைக்கும் ஒரே நேர்கோட்டைப் போடுகிறது, கே டைப்போ நேர்கோடு இல்லை. உலை உண்மையில் 850 டிகிரியில் இருக்கும்போது அது 856 காட்டும். தரநிலை அட்டவணையை வைத்து கோடில் திருத்திவிடலாம், இல்லையென்றால் அந்த வேலையைத் தானே செய்யும் மேக்ஸ்31856 வாங்கலாம். பழைய மேக்ஸ்6675ஐ 0.22 விநாடிக்குள் திரும்பத் திரும்பக் கேட்டால் அளவெடுப்பதை முடிக்கவிடாமல் தடுத்துவிடுவோம், எண் உறைந்துபோய் நிற்கும். உலைக்கு விநாடிக்கு ஒரு ரீடிங்கே அதிகம்.

சரிபார்க்க நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த ஒரு பிளாஸ்க், கொதிக்கும் தண்ணீர் ஒரு பாத்திரம். கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிப்பது 98.6 டிகிரி பக்கம். அங்கே போய் 100 வரவில்லை என்று போர்டைத் திட்டக் கூடாது.

உறையோடு முனையை வெல்டிங் செய்த தெர்மோகப்பிளை உலை உடம்பில் மாட்டினால் மேக்ஸ்31855 எர்த் ஷார்ட் என்று பிழைச் செய்தி தரும். உறையைத் தொடாத முனை என்று கேட்டு வாங்குங்கள். எண் குதித்துக்கொண்டே இருந்தால் முதல் வேலை, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பது. உடனே அமைதியானால் தொல்லை எர்த் வழியாக வருகிறது, லேப்டாப்புக்கும் போர்டுக்கும் நடுவே மின் தொடர்பைப் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் போட்டுவிடலாம்.

இந்தப் பெட்டியால் ஆகாததும் உண்டு. ஹெச்எக்ஸ்711 அதிகபட்சம் விநாடிக்கு 80 ரீடிங். ஹைட்ராலிக் பிரஸ் நிதானமாக இறங்கும், அதற்குப் போதும். பவர் பிரஸ்ஸில் பஞ்ச் அடிக்கும் உச்சம் சில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும், இரண்டு ரீடிங்குக்கு நடுவே நழுவிப்போகும். அந்த வேலை கேட்டு வருகிறவர்களிடம் இந்தப் போர்டில் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்குச் சின்ன சிக்னலைப் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயரும் விநாடிக்கு பல ஆயிரம் எடுக்கும் ஏடிசியும் வேண்டும். அப்போதும் கேஜ் ஒட்டுவதும் மூன்று கம்பி இழுப்பதும் இதே முறையில்தான்.