பச்சைத் திரைக்குத் துணி தேடிய கதை

வீடியோவில் எனக்குப் பின்னால் இருக்கும் பச்சையை நீக்கிவிட்டு வேறு காட்சியைப் பொருத்துவதற்காகப் பச்சைத் திரை அமைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் என் கவலையெல்லாம் நிறத்தைப் பற்றியே இருந்தது. கிளிப்பச்சையா, இலைப்பச்சையா என்று துணித் துண்டுகளை ஜன்னலோரம் வைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வீண். எந்தப் பச்சையை நீக்க வேண்டும் என்று மென்பொருளில் தொட்டுக் காட்டிவிடலாம். ஒரே துணி கேமராவுக்குப் பத்துப் பச்சைகளாகத் தெரிவதுதான் தொல்லை.

முதலில் வாங்கியது பருத்தி மஸ்லின். பளபளப்பே இல்லாத துணி. விளக்கொளியை அப்படியே குடித்துவிடும். ஆனால் மடித்து வைத்திருந்த கோடுகள் போகவில்லை. இஸ்திரி போட உட்கார்ந்தால், ஒரு முனை முடிவதற்குள் மறுமுனை தரையில் கிடந்து கசங்கியிருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அந்த நிழலும் நீங்கட்டும் என்று மென்பொருளில் நீக்கும் பச்சையின் வரம்பைக் கூட்டினால் என் தலைமுடியின் ஓரமும் சேர்ந்து மறைந்தது. போதாக்குறைக்கு, ஓரம் தைத்த பிறகு துவைத்தேன், துணி சுருங்கிவிட்டது. பருத்தியென்றால் முதலில் துவைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். இது தையல் தெரிந்த எவரும் சொல்லியிருக்கும் விஷயம், நான்தான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்தது மெல்லிய பாலியஸ்டர். கசங்கவில்லை. ஆனால் விளக்கைப் போட்டதும் என் வலது தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திட்டு. விளக்கை நகர்த்தினேன், திட்டும் கூடவே நகர்ந்தது. பகலில் பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகளின் நிழல் வேறு துணியை ஊடுருவித் தெரிந்தது. இரண்டாக மடித்துத் தொங்கவிட்டதில் கம்பிகள் மறைந்தன; பளபளப்பு மறையவில்லை.

இதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. முழுத் துணி வாங்காமல் ஆறு மாதிரித் துண்டுகளை ஓர் அட்டையில் குத்தி வைத்தேன். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. கைப்பேசியில் படமெடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறம் போனதும் உண்மை தெரிந்துவிட்டது: சாட்டின் துண்டில் வெளிச்சக் கோடு, மஸ்லினில் மேடு பள்ளம். போர்வை தைக்கும் மெத்தென்ற துணியான ஃபிலீஸ் மட்டும் ஒரே சீரான சாம்பலாக இருந்தது. அதன் மேற்பரப்பிலுள்ள குட்டி ரோமங்கள் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. துணியும் தடிமனாக இருப்பதால் எளிதில் மடிப்பு விழுவதில்லை. இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸும் மோசமில்லை. ஆனால் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பார்த்தபோது, அதிகம் இழுபட்ட மூலைகளில் நிறம் வெளிறியது.

ஃபிலீஸ் வாங்கினேன். ஒரு அகலம் போதவில்லை, இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்தேன். கேமராவில் பார்த்தால் இடப்பக்கம் ஒரு பச்சை, வலப்பக்கம் சற்றே இருண்ட பச்சை! ஒரே சுருளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிய துணி, சாயம் மாற வழியில்லை. அரை மணி நேரம் விளக்கைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு தற்செயலாகத் துணியைக் கையால் தடவியபோது பிடிபட்டது. ஒரு துண்டில் ரோமம் கீழ்நோக்கிப் படிந்தது, மற்றதில் மேல்நோக்கி. ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவியது போல ஒரு பக்கம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. தையலைப் பிரித்து, இரண்டிலும் ரோமம் கீழ்நோக்கி இருக்கும்படி மறுபடி தைத்தேன். வெல்வெட்டில் தைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இப்போது மேலே ஒரு குழாயில் துணியைக் கோத்து, கீழ் ஓரத்தில் இன்னொரு குழாயைச் செருகியிருக்கிறேன், அந்தக் கனமே துணியை நேராக இழுத்துப் பிடிக்கிறது. திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, எனக்குத் தனியாக ஒன்று. திரையிலிருந்து 2 மீட்டர் முன்னால் நிற்கிறேன். முன்பு அரை மீட்டரில் நின்றபோது துணியிலிருந்து தெறித்த பச்சை என் கழுத்திலும் சட்டைக் காலரிலும் படிந்திருந்தது. என் நிழலும் திரையில் விழுந்தது. படத்தின் வெளிச்ச அளவை இடமிருந்து வலமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் மஸ்லின் மலைத்தொடர் போல ஏறி இறங்கும். ஃபிலீஸ் ஏறக்குறைய மெல்லிய ஒற்றைப் பட்டையாக வருகிறது.

தலைமுடி ஓரம் மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதில் துணியின் மேல் பழி போட முடியாது. என் கேமரா 4:2:0 முறையில் பதிவு செய்கிறது. அதாவது நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல்தான் கிடைக்கிறது, முடி போன்ற மெல்லிய ஓரங்களுக்கு அது போதவில்லை.

முழு உருவமும் தெரிய எடுப்பதற்காகத் துணியைத் தரைவரை வளைத்து விரித்துப் பார்த்தேன். நடந்த இடமெல்லாம் ரோமம் அமுங்கி, கால் தடங்கள் தனிப் பச்சையாகத் தெரிகின்றன. ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு குனிந்து, துணி பிரஷ்ஷால் தரையை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.