முனை அதேதான், வால்தான் வேறு

தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைத் தாண்டும்போது (1907-இல் தொடங்கியது) அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஒரே கிருமிக்கு எதுக்கு இத்தனை வகை ஆன்டிபாடி?"

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். பிடிக்கும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், வால்தான் மாறுகிறது. ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளை அணுவான பி செல் முதலில் ஐஜிஎம் என்ற வகையைச் செய்யும். ஐந்து ஆன்டிபாடி சேர்ந்த பெரிய உருவம், நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அப்புறம் டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணு சைகை தந்ததும் ஏஐடி என்ற நொதி டிஎன்ஏவிலேயே கை வைக்கிறது. ஐஜிஎம் வாலுக்கான துண்டு கழன்று போக, வேறு வாலோடு ஐஜிஜி என்ற வகை பிறக்கிறது. அது தாயிடமிருந்து கருவுக்கும் போகும். குடலுக்கும் தாய்ப்பாலுக்கும் ஐஜிஏ என்ற வகை. போன துண்டு போனதுதான், அந்தச் செல் மறுபடி ஐஜிஎம் செய்யாது.

ஏஐடியை 1999-இல் அறிவித்தது ஜப்பானின் ஹோன்ஜோ குழு. 2018-இல் அவருக்கு நோபல் கிடைத்ததோ புற்றுநோய் சிகிச்சை ஆய்வுக்கு! என்னைக் கேட்டால் இதற்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.