ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி

அப்பா ஹட்டனில் முப்பது வருடம் காணித் தரகராக இருந்தார். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை, கையில் ஒரு கொப்பி, அப்புறம் வாய்ச்சொல். தொழில் அதிலேயே ஓடியது. 2022 கடைசியில் முழங்கால் வலியால் அவரால் மலை ஏற முடியாமல் போனபோது கொப்பி என் கைக்கு வந்தது. அந்த மாதமே ட்விட்டரில் ஒரு கணக்குத் திறந்தேன். அடுத்த வருடம் அதன் பெயர் எக்ஸ் ஆகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் ட்விட்டர்தான்.

முதல் ஆறு மாதம் வீண். 'கொட்டகலையில் 10 பேர்ச்சஸ் காணி விற்பனைக்கு. இயற்கை எழில் சூழ்ந்த அமைதியான இடம்' என்று பத்திரிகை விளம்பரத்தை அப்படியே தூக்கிப் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஜூனில், மழை விடாமல் பெய்த ஒரு காலை, சர்வேயரோடு அதே காணிக்குப் போனேன். ஆட்டோ பாதி வழியில் சறுக்கி நின்றுவிட்டது. இறங்கினால் கணுக்காலுக்கு மேல் சேறு. நின்ற இடத்திலேயே பாதையைப் படம் எடுத்துப் போட்டேன்: 'மழை நாளில் ஆட்டோ இதற்கு மேல் ஏறாது. காணிக்கு இன்னும் 200 மீட்டர் நடக்க வேண்டும். பாதை 10 அடி அகலம், சர்வே பிளானில் இருக்கிறது.' அன்று இரவே கட்டாரிலிருந்து ஒரு தம்பி எழுதினார்: 'அக்கா, தண்ணி எங்கயிருந்து வருது?'

அவருக்கு மட்டும் பதில் சொல்லி முடித்திருக்கலாம். மறுநாள் ஊற்றுக்கே ஏறிப் போய்ப் படம் எடுத்து, அதையே அடுத்த பதிவாக்கினேன். ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது, எத்தனை அடி குழாய் வேண்டும், பெப்ரவரி வெயிலில் தண்ணீர் எவ்வளவு குறையும். அதிலிருந்து ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். வாங்குகிறவர் நேரில் வந்தால் என்ன கேட்பாரோ, அதை நானே முதலில் கேட்டு எழுதினேன்.

ட்விட்டரில் ஒரு பதிவுக்கு 280 எழுத்து என்பது தமிழுக்குச் சுருங்கிவிடும். 'காணி' நமக்கு இரண்டெழுத்து. அங்கே 'கா'வின் காலையும் 'ணி'யின் விசிறியையும் தனித்தனியாக எண்ணி நான்கு என்று கழிப்பார்கள். புள்ளிக்கும் அதே கணக்கு, அதனால் 'பேர்ச்சஸ்' ஒன்பது. வர்ணனையை எல்லாம் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியபின் மிஞ்சியது பாதை, தண்ணீர், உறுதி என்கிற உரிமைப் பத்திரம், சரிவு. வாங்குகிறவருக்கு வேண்டியதும் அதுதான். போடும் நேரத்தையும் மாற்றினேன். இங்கே இரவு ஒன்பதரை என்றால் கட்டாரில் ஏழு மணி, வேலை முடித்து அறைக்கு வந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அன்று பகலிலும் போடலாம்.

ஒரு பெரிய தவறும் செய்தேன். வெலிமடைப் பக்கம் ஒரு காணி. உரிமையாளர் காட்டிய கடதாசியைப் பார்த்துவிட்டு 'உறுதிக் காணி', அதாவது தனியார் சொந்தமாக விற்கக்கூடிய காணி, என்று பதிந்தேன். அதை நம்பி ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டார். உறுதி எழுதும் நொத்தாரிசு பார்த்ததும் விஷயம் தெரிந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த அளிப்புப் பத்திரம் அது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, நினைத்தபடி துண்டு போடவும் முடியாது. முற்பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்க மூன்று வாரம் அலைந்தேன். அந்தப் பதிவை அழிக்கவில்லை. அதன் கீழேயே 'நான் எழுதியது தவறு, இது உறுதிக் காணி இல்லை' என்று காரணத்தோடு எழுதினேன். இப்போது காணிப் பதிவகத்தில் காணி யார் யார் கைக்கு மாறியது என்ற 30 வருடத் தேடல் எடுத்து நொத்தாரிசு சரி என்று சொல்லும்வரை எதையும் பதிவதில்லை. உறுதியின் பக்கத்தைப் படமாகப் போடுவதும் இல்லை. யாரும் அதை எடுத்து இன்னொருவரை ஏமாற்றலாம்.

சரிவு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தவில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்பதை ஒவ்வொரு காணிக்கும் தனிப் பதிவாகப் போடுகிறேன். மண் நகர்ந்த அடையாளம் தெரிந்த இரண்டு காணிகளை வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். லயத்து அறையில் பிறந்து வளர்ந்து, பாலைவன வெயிலில் வேலை செய்து, தன் பெயரில் முதல் உறுதி எழுதப் போகிறவரிடம் அந்த மண்ணை எப்படி விற்பது?

கட்டார் தம்பியின் அம்மாவை ஓகஸ்டில் கொட்டகலைக் காணிக்குக் கூட்டிப் போனேன். அன்றும் மழை. ஆட்டோ அதே இடத்தில் நின்றது. "படத்துல இருந்தது இந்த இடந்தானே?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகி, எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினார். மேலே ஊற்றில் கை நீட்டி ஒரு வாய் குடித்தார். அப்புறம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகனுக்கு வீடியோ கோல் எடுக்கச் சொன்னார்.