பிரிமாப்டின்க்ஸ் பாதம்: நகம் ஒருவழியாக நின்றது

நான் செய்துகொண்டிருக்கும் பிரிமாப்டின்க்ஸ் பறவைப் பொம்மையின் இடது பாதத்தில் நான்கு நகங்களும் ஒருவழியாக நின்றுவிட்டன, அதுவும் நான் நினைத்த வளைவிலேயே. பார்க்கிறவர்கள் எல்லாம் பருந்துக் கால் என்கிறார்கள். இல்லை, ஆந்தை. அமெரிக்காவின் வயோமிங்கில், பிக்ஹார்ன் படுகையில் கிடைத்த சுமார் 5.5 கோடி ஆண்டு பழைய ஆந்தை. 2020-ல் தொல்லுயிரியலாளர் கெரால்ட் மாயர் குழுவினர் பெயர் வைத்தது. உயரம் 60 செ.மீ. வரை, கிட்டத்தட்ட பனி ஆந்தை அளவு.

இன்றைய ஆந்தைக்கு நான்கு விரல் நகங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கோ பின்விரலிலும் இரண்டாம் விரலிலும் மட்டும் நகம் பெருத்திருக்கிறது, கழுகு பருந்துகளுக்கு இருப்பது போலவே. அலகால் கொல்லாமல் நகத்தைப் பாய்ச்சியே இரையைக் கொன்றிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் இந்த இரண்டு நகமும் சரியாக வராவிட்டால் பொம்மைக்கே அர்த்தமில்லை.

சிக்கல் என்னவென்றால், புதைபடிவத்தில் இருப்பது நகத்தின் உள் எலும்பு மட்டும். உயிரோடு இருந்தபோது அதன்மேல் கொம்பு உறை இருந்திருக்கும், முனை இன்னும் நீண்டிருக்கும். முழு நகத்தையும் ஒரே மூச்சில் எம்-சீலில் பிடித்தால் முனை இறுகுவதற்குள் தொங்கிவிடுகிறது. அதனால் கம்பிமேல் முதலில் எலும்பை மட்டும் செய்தேன், அடிப்பக்கம் தசைநாண் ஒட்டும் அந்தக் குட்டி மேட்டோடு. இரவு முழுக்க இறுகவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டு இழைத்து, அப்புறம்தான் மேல் உறை. விரலை ஈரமாக்கி அடியிலிருந்து முனைக்கு ஒரே திசையில் இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் வளைவு போய்விடும். எலும்பின் வளைவையே நீட்டிக்கொண்டு போனால் உறை எங்கே முடிய வேண்டும் என்பது தானாகவே தெரிகிறது. சும்மா சொல்லவில்லை, பின்விரல் நகம் பிரமாதம்!

எம்-சீலுக்குப் பதிலாகப் பாலிமர் களிமண் பற்றிக் கேட்காதீர்கள். ஆன்லைனில் வாங்கியது சுண்ணாம்புக் கட்டியாக வந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். பக்கத்து ஹார்டுவேர் கடையே போதும்.

செதில் வேலை இன்னும் தொடங்கவில்லை, வலது பாதம் வெறும் கம்பியாக நிற்கிறது. ஆனால் கை அதற்குள் மாசிலாராப்டர் என்ற இன்னொரு பழம்பறவைக்குப் போகிறது. ஜெர்மனியில், புதைபடிவங்களுக்குப் பேர்போன மெசெல் குழியில் கிடைத்தது, வல்லூறு வம்சத்தின் தொடக்கத்தில் வைக்கப்படுவது, நீண்ட கால், சின்ன நகம். அதற்கு மெல்லிய கம்பி வேண்டும், வாங்கியும் வைத்துவிட்டேன்.